மே மாதத்தின் அறுபத்தாறு கட்டங்கள்

உட்காருங்கள் ஐயா. அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். ஃபேன் காற்று இந்தப் பக்கம்தான் வரும். வீட்டில் ஆள் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று என் வீட்டுக்காரி செய்யாறு போயிருக்கிறாள். எனக்குக் காப்பி போட வராது. தண்ணீர் தருகிறேன், குடியுங்கள்.

குழலியின் அப்பா என்று வாசலில் நின்று சொன்னீர்களே, சொல்ல வேண்டியதே இல்லை. அதே நெற்றி. கார்குழலி என்று முழுப் பெயரையும் சொன்னீர்கள். லேபில் எல்லோருக்கும் அவள் குழலிதான். நான் மட்டும் ரிஜிஸ்டரில் முழுப் பெயரைத்தான் எழுதுவேன்.

காகிதம் மேஜை மேலேயே இருக்கட்டும். நீங்கள் நீட்டும்போதே படித்துவிட்டேன், எட்டு வரிதானே. போன மே மாதம் ஆறாம் தேதியிலிருந்து பதினாறாம் தேதி வரை வெப்பநிலைப் பதிவேட்டில் உள்ள அறுபத்தாறு அளவுகளும் நான் பார்த்து எழுதியவை அல்ல, பிறகு நிரப்பியவை. கீழே என் பெயர், ஆ. வேதாசலம், லேப் அட்டெண்டர், ஓய்வு. அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம். இதை இன்று ஐந்தரைக்குள் நிறுவனத்து ஆபீசில் கொடுத்தால்தான் குழலியின் மேல்முறையீட்டை எடுப்பார்கள். இல்லாவிட்டால் டாக்டர் பட்டமும் இல்லை, பொய்யான எண்களை எழுதியவள் என்ற பேரும் போகாது. அவ்வளவுதானே? புரிகிறது ஐயா. நான் எட்டாவதுதான் படித்தேன், ஆனால் ஒரு காகிதத்தைப் படித்தால் புரியும்.

கையெழுத்துப் போடுவது பெரிய வேலை இல்லை. ஆனால் எதில் போடுகிறோம் என்று இருக்கிறது. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். குழலியை விசாரித்த அந்தக் கமிட்டியும் என்னை முதலிலிருந்து கேட்கவில்லை, லேபுக்குத் தலைவர் ஜெயசிங் சாரும் கேட்கவில்லை. நடுவிலிருந்து ஒரு கேள்வி, கடைசியிலிருந்து ஒரு கேள்வி. அப்படிக் கேட்டால் மனுஷன் என்ன பதில் சொல்வான்?

அந்த அறையில் நான் முப்பத்தொரு வருஷம். அணு ஆராய்ச்சி வந்தது கடைசி ஆறு வருஷத்தில்தான். அதற்கு முன்னால் அங்கே வேறு லேசர், வேறு சார். ஆள் மாறுவார்கள், மெஷின் மாறும். அறை ஒன்றுதான், ரிஜிஸ்டர் ஒன்றுதான், நான் ஒருவன்தான். நாளைக்கு நாலு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். போன வருஷம் ஜனவரியில், தானாகவே வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும் மெஷின் கெட்டுப்போனது. புது மெஷினுக்கு ஃபைல் போட்டார்கள். அது ஆபீசில் எந்த மேஜையில் தூங்கியதோ. ஜெயசிங் சார் என்னைக் கூப்பிட்டு, "வேதாசலம், இனிமே நீதான் மெஷின். நாளைக்கு ஆறு ரீடிங்" என்றார். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. ஞாயிற்றுக்கிழமையும் போனேன். நீதான் மெஷின் என்று அவர் சொன்னது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த அறை ஏன் இருபத்தொரு டிகிரியிலேயே நிற்க வேண்டும் என்று எனக்குக் குழலிதான் சொன்னாள். நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது. அவளாகவே ஒரு நாள், "வாங்கண்ணே, உக்காருங்க, நீங்க யாருக்காகத் தெர்மாமீட்டர் பாக்குறீங்கன்னு பாருங்க" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். கறுப்புத் திரை. அதில் வெள்ளைப் புள்ளிகள். நான் எண்ணினேன். ஐம்பத்து மூன்று.

"எண்ணிட்டீங்களா? ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு அணு."

"ஒண்ணேதானா?"

"ஒண்ணே ஒண்ணு. ருபீடியம். வெளிச்சத்தாலேயே ஒரு இடுக்கி செஞ்சு, அதுல புடிச்சு வெச்சிருக்கோம். நூறு இடம் இருக்கு. பாதிக்குக் கொஞ்சம் மேலதான் நிரம்பும்."

பிறகு ஒரு பொத்தானை அழுத்தினாள். புள்ளிகள் தாமாகவே நகர்ந்து நகர்ந்து நடுவில் வந்து நின்றன. ஏழுக்கு ஏழு, நாற்பத்தொன்பது. நடுவில் ஒரு ஓட்டை கிடையாது. ஐயா, நான் மறுபடி எண்ணினேன். காலியாக இருந்த கட்டம் எல்லாம் நிரம்பிவிட்டது. மிச்சம் நாலு புள்ளியை விட்டுவிட்டாள்.

அந்த நாற்பத்தொன்பதும்தான் கம்ப்யூட்டராம். சாதாரண கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் ஒன்று அல்லது சைபர். இதில் ஒரே அணு இரண்டாகவும் இருக்குமாம், நாம் பார்க்கிற வரைக்கும். பார்த்துவிட்டால் ஏதாவது ஒன்றுதான். "அப்ப பாக்கறதுக்கு முன்னாடி ரிஜிஸ்டர்ல என்னம்மா எழுதுறது?" என்று கேட்டேன். அப்படிச் சிரித்தாள் ஐயா, பக்கத்து அறையிலிருந்து இரண்டு பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஒண்ணும் எழுதக் கூடாதுண்ணே. பாக்காதத எழுதவே கூடாது."

இந்த அணுவுக்கு மின்சாரம் கிடையாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றை ஒன்று தள்ளாது என்றாள். "உங்கள மாதிரிண்ணே. பக்கத்துலயே இருப்பீங்க, பேச மாட்டீங்க" என்று கிண்டல். அப்படியானால் அவை சேர்ந்து எப்படிக் கணக்குப் போடும்? அதற்குத்தான் வேறு ஒரு லேசரை அடித்து ஒரு அணுவை ஆயிரம் மடங்கு வீங்க வைப்பார்கள். ஒன்று வீங்கினால் பக்கத்தில் உள்ளது வீங்க முடியாது. அதுதான் இரண்டும் பேசிக்கொள்ளும் விதம். அந்த வெளிச்சம் அணுவின் மேல் சரியாக விழ வேண்டும். அறை இரண்டு டிகிரி சூடானால் மேஜையில் உள்ள கண்ணாடிகள் மயிரிழை நகரும், வெளிச்சம் தப்பிப்போகும், ஜோடி தப்பாகப் பேசும். நல்ல நாளிலேயே நூற்றுப் பத்து தடவைக்கு ஒரு தடவை தப்பாகும் என்றாள். அது ரொம்ப நல்ல கணக்காம். நாலு வருஷம் அதற்காகத்தான் உழைத்தாள்.

நாலு வருஷத்தில் அவள் எனக்குப் பத்தொன்பது தடவை தேங்க்ஸ் சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏழு.

இப்போது அந்தச் சிவப்பு விளக்குக்கு வருகிறேன். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. பிப்ரவரியில் ஒரு நாள், எட்டு மணி ரீடிங்குக்குப் போகிறேன், விளக்கு எரிகிறது. ரீடிங் நேரம் ஆயிற்றே என்று மெதுவாகத்தான் கதவைத் திறந்தேன். காற்று அடித்துக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. லேசர் நிலை தவறிவிட்டது. திருப்பிச் சரிசெய்ய மூன்று மணி நேரம். ஜெயசிங் சார் ஐந்து பேர் எதிரில், "யோவ், அறிவிருக்கா? கண்ணு தெரியலையா? வெளக்கு எரியுதில்ல?" என்றார். யோவ் என்றார் ஐயா. முப்பது வருஷத்தில் என்னை யாரும் யோவ் என்றதில்லை. குழலி வெளியே வந்து, "விடுங்கண்ணே, அவருக்கு பிபி" என்றாள். அது ஏழாவது தேங்க்ஸுக்கும் எட்டாவதுக்கும் நடுவில்.

அன்றிலிருந்து விளக்கு எரிந்தால் நான் கதவைத் தொட்டதில்லை.

மே மாதம் ஐந்தாம் தேதி குழலி வந்து சொன்னாள். "அண்ணே, நாளையிலேருந்து பதினோரு நாள் ஓட்டம். காலைலேருந்து சாயந்தரம் வரைக்கும் ரெட் லைட் எரியும். ரீடிங் எடுக்க வராதீங்க. எடுக்கலைன்னு நானே திஸிஸ்ல எழுதிக்கிறேன்." சரிம்மா என்றேன். பதினோரு நாள், நாளைக்கு ஆறு, அறுபத்தாறு கட்டம். காலியாக விட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் விட்டேன். நேரத்துக்கு நேரம் போய்க் கதவுக்கு வெளியே நிற்பேன். விளக்கு எரியும். வந்துவிடுவேன்.

இரண்டு தடவை எரியவில்லை. ஒன்பதாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு, அவள் சாப்பிடப் போயிருந்தாள். பதின்மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு. இரண்டு தடவையும் உள்ளே போனேன், பார்த்தேன், எழுதினேன். இருபத்து மூன்று புள்ளி நாலு. இருபத்து மூன்று புள்ளி ஒன்று. ஏசி சரியாக இழுக்கவில்லை போல என்று நினைத்தேன்.

சொன்னேனா? அவளிடமா? இல்லை. ரிஜிஸ்டரில் எழுதியாயிற்று, பார்க்க வேண்டியவர்கள் பார்ப்பார்கள். என் வேலை எழுதுவது.

ஜூனில் வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சிவப்பு மையில் குறிப்பு எழுதிவிட்டுப் போவார்கள். எனக்கு முப்பத்தொரு வருஷத்தில் ஒரு குறிப்பு கிடையாது. ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கிறது. அறுபத்து நாலு கட்டம் பல் விழுந்த வாய் மாதிரி இளிக்கிறது. என்ன செய்ய? ஒரு மத்தியானம் முந்தின வருஷத்து ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டேன். அதே மே, அதே தேதிகள். அறை அதே அறை, மே அதே மே. அதிலிருந்து எடுத்து எழுதினேன். அதில் நாளைக்கு நாலுதான் இருந்தது. மிச்சம் இரண்டுக்கும் இந்தப் பக்கத்து எண்ணையும் அந்தப் பக்கத்து எண்ணையும் பார்த்து நடுவில் வருவதைப் போட்டேன். அதே பேனா, அதே மை. எல்லாம் இருபத்தொன்று புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு, புள்ளி மூன்று. என் இஷ்டத்துக்கு ஒரு எண் போடவில்லை. குழலியும் நூறு இடத்தில் காலியானதை நிரப்பித்தானே அடுக்கினாள்?

என்ன ஐயா? ஆமாம். அவள் இருக்கிற அணுவைத்தான் நகர்த்தினாள். அது உண்மைதான்.

இன்ஸ்பெக்‌ஷன் வந்தவர் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "மிஸ்டர் வேதாசலம், இந்தக் கட்டிடத்திலேயே ஒழுங்கான ரிஜிஸ்டர் இதுதான்" என்றார். மிஸ்டர் என்றார்.

செப்டம்பரில் குழலி திஸிஸ் கொடுத்தாள். அதில் சொன்னபடியே எழுதிவிட்டாள். பதினோரு நாள் ரீடிங் எடுக்கவில்லை, வெளிச்சம் எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்து அறையின் சூட்டை நானே கணக்கிட்டிருக்கிறேன், அதில் நாலு நாள் இருபத்து மூன்றுக்கு மேல் போயிருக்கிறது, அந்த நாலு நாளிலும் அணு ஜோடிகள் முப்பதுக்கு ஒரு தடவை தப்பாகியிருக்கின்றன, அதற்குக் காரணம் சூடு, அதனால் அவற்றைத் தனியாகக் காட்டியிருக்கிறேன் என்று. திஸிஸை மதிப்பிட்ட வெளியூர்க்காரர் ஒருவர், அந்த ரிஜிஸ்டரை அனுப்புங்கள் என்று கேட்டுவிட்டார். ஆபீஸ் வந்து எடுத்துக்கொண்டு போனது. அதில் என்ன இருக்கிறது? ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. எல்லாம் இருபத்தொன்று.

அப்புறம் என்ன நினைப்பார்கள்? ரீடிங் இருந்தும் இல்லை என்று எழுதியிருக்கிறாள், கெட்டுப்போன முடிவுக்குச் சாக்காகச் சூட்டைக் கற்பனை செய்திருக்கிறாள் என்றுதான். ஒரு இடத்தில் கற்பனை என்றால் மற்ற இடத்திலும் இருக்கும் என்றார்கள். நவம்பரில் கமிட்டி போட்டார்கள்.

என்னையும் கூப்பிட்டார்கள். மூன்று பேர். ஜெயசிங் சார் ஓரமாக. குழலி சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். நான் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். நடுவில் இருந்தவர் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் சார். "இதெல்லாம் அன்னன்னைக்கு எழுதினதுதானே?"

ஐயா, நீங்கள் யோசித்துப் பாருங்கள். அந்த ரிஜிஸ்டர்களில் என் கையால் எழுதிய ரீடிங் மொத்தம் நாற்பத்தோராயிரத்து இருநூற்று எட்டு. அதில் அன்றன்று எழுதாதது அறுபத்து நாலு. அறுநூற்று நாற்பத்து நாலில் ஒன்று. அவர்களுடைய அணுவே நூற்றுப் பத்தில் ஒரு தடவை தப்பும், அதற்குக் கை தட்டுகிறார்கள். அப்படிப் பார்த்தால் நான் அணுவுக்கு மேலே இல்லையா? "அன்னன்னைக்கு எழுதினது சார்" என்றேன். ரிஜிஸ்டரை மொத்தமாகக் கேட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

குழலி எழுந்துவிட்டாள். "அண்ணே, ரெட் லைட் எரிஞ்சுதே அண்ணே. நீங்க உள்ள வரவே இல்லையே. சொல்லுங்கண்ணே" என்றாள். கமிட்டியில் இருந்த அம்மா இங்கிலீஷில் அவளை உட்காரச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை பேர் எதிரில் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நீங்கள் கோபப்படுகிறீர்கள். கோபப்படுங்கள். ஆனால் என்னுடைய குறையையும் கேளுங்கள். அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அந்த மூன்றாவது ஆள், சின்னப் பையன், நாற்பது வயது இருக்கும், பக்கத்தைப் புரட்டியவன் என் இரண்டு எண்களில் விரலை வைத்தான். இருபத்து மூன்று புள்ளி நாலு, இருபத்து மூன்று புள்ளி ஒன்று. "இது என்ன, ரெண்டு தடவ மட்டும் அக்னி நட்சத்திரம் ரூமுக்குள்ள வந்துட்டுப் போச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசிங் சார், "வயசாயிடுச்சு சார், கண்ணு தவறியிருக்கும்" என்றார். அப்படியே ரிப்போர்ட்டிலும் எழுதிவிட்டார்கள். பக்கம் ஐந்தில். இரண்டு அளவுகள் பணியாளரின் கண் தவறியதால் ஏற்பட்டவை, அவற்றைக் கணக்கில் கொள்ளவில்லை.

அந்த இரண்டும்தான் ஐயா நான் பார்த்து எழுதியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, நேர்க்கோட்டில் பார்த்து எழுதியது. பார்க்காமல் எழுதிய அறுபத்து நாலையும் சரி என்றார்கள். பார்த்து எழுதிய இரண்டையும் கண் தவறிவிட்டது என்றார்கள். முப்பத்தொரு வருஷத்துக்குக் கிடைத்த மரியாதை இது.

அப்போது மேஜையில் குழலியின் திஸிஸும் திறந்திருந்தது, என் ரிஜிஸ்டருக்குப் பக்கத்திலேயே. ஒன்பதாம் தேதி மத்தியானத்துக்கு அவள் கணக்குப் போட்டு எழுதியிருந்தது இருபத்து மூன்று புள்ளி மூன்று. நான் பார்த்தது இருபத்து மூன்று புள்ளி நாலு. தெர்மாமீட்டரைப் பார்க்காமலே, வெளிச்சத்தை வைத்தே, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பிடித்துவிட்டாள். கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இல்லை, சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே.

டிசம்பரில் அவள் அறையைக் காலி செய்துகொண்டு போன அன்று நான் வராந்தாவில் நின்றேன். பெட்டி தூக்க உதவலாம் என்றுதான். என்னைக் கடந்து போனாள். திட்டியிருக்கலாம். பத்தொன்பதோடு நின்றுபோனது. ஜனவரி முப்பத்தொன்றில் நானும் வந்துவிட்டேன். ஒரு சால்வை போட்டார்கள். ஜெயசிங் சார் வரவில்லை.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள் என்றீர்கள். ஊரார் சர்டிபிகேட்டை எல்லாம் நகல் எடுத்துக் கொடுக்கிறாள், வீட்டில் யாரோடும் பேசுவதில்லை, மூன்று மாதமாகத் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்றீர்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பேசாமல் இருப்பது பழகிவிடும் ஐயா. நான் இருந்திருக்கிறேன்.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். உங்களை இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டு நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் இதில் அறுபத்தாறு என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. அறுபத்து நாலு. அறுபத்தாறில் நான் கையெழுத்துப் போட்டால், அந்த இரண்டும் பொய் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அவர்கள் கண் தவறிவிட்டது என்றார்கள், நான் கையும் தவறிவிட்டது என்பதா? அந்த இரண்டுதான் இப்போது எனக்கு மிச்சம்.

என்ன செய்கிறீர்கள்? இருங்கள், இருங்கள். பேனாவை எடுக்காதீர்கள்.

அடித்துவிட்டீர்களே ஐயா. அறுபத்தாறை அடித்து மேலே அறுபத்து நாலு என்று போட்டுவிட்டீர்களே. இனி இதில் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? அடித்தல் திருத்தல் உள்ள தாளில் நான் போட்டதே இல்லை. நாளைக்கு இதையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எப்போது அடித்தாய், யார் அடித்தது என்று அந்தச் சின்னப் பையன் கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள்.

வேறு தாளா? வெள்ளைத்தாள் வீட்டில் இல்லை. பேரனுடைய நோட்டு இருக்கிறது, கோடு போட்டது. அதில் கிழித்து எழுதிக் கமிட்டிக்குக் கொடுத்தால் நன்றாக இருக்காது. தெருமுனைக் கடையில் கிடைக்கும். மத்தியானம் சாத்தினான் என்றால் ஐந்து மணிக்குத்தான் திறப்பான்.

ஐயோ, என்ன இது? எழுந்திருங்கள். காலை விடுங்கள் ஐயா. வயதில் நீங்கள் பெரியவர், இப்படிச் செய்யக் கூடாது. எழுந்திருங்கள். முட்டி வலிக்கப் போகிறது, வெறும் தரை. தண்ணீர் குடியுங்கள்.

நோட்டிலேயே கிழித்துத் தருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணியைப் பாருங்கள். நாலு நாற்பத்து நாலு. இங்கிருந்து நிறுவனத்துக்கு ஐம்பது நிமிடம், முப்பத்தொரு வருஷம் போய் வந்தவன் சொல்கிறேன். ஆட்டோவும் அதே ரோட்டில்தான் நிற்க வேண்டும். இந்த நிமிடம் கிளம்பினாலும் ஐந்து முப்பத்து நாலு. நாலு நிமிடம் போய்விட்டது. ஆபீசில் அந்த வாசல் கதவை ஐந்தரைக்குச் சாத்துவான், ஒரு நிமிடம் பொறுக்க மாட்டான்.

போகிறீர்களா? போய்த்தான் பார்க்கிறேன் என்கிறீர்களா, அந்த அடித்த தாளை வைத்துக்கொண்டு? கையெழுத்து இல்லாமல் அதை வாங்க மாட்டார்களே. பார்த்துப் போங்கள், படியில் வெளிச்சம் போதாது.

நீங்கள் வந்தது மூன்று ஐம்பத்தெட்டுக்கு. நாற்பத்தாறு நிமிடம். இவ்வளவு நேரம் என் பேச்சை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை ஐயா.